மின்சார கார் கம்பெனியின் காலாண்டுக் கணக்கைப் படிப்பது எப்படி

2022-ல் டெஸ்லா 13,13,851 கார்களை டெலிவரி செய்தது. முந்தைய ஆண்டைவிட 40 சதவீதம் அதிகம். அதே ஆண்டில் அதன் பங்கு 65 சதவீதம் விழுந்தது. மின்சார கார் பங்குகளில் பணம் போடும் ரசிகர்கள் அதிகம் இடறி விழும் இடம் இதுதான்: எத்தனை கார் போனது என்பதை விரல்நுனியில் வைத்திருப்பார்கள், அந்தக் கார்களால் பணம் வந்ததா என்று பார்த்திருக்க மாட்டார்கள். கணக்கைப் படிக்க ஒரு காலாண்டுக்கு ஒரு மாலை நேரம் போதும். அந்த மாலையில் செய்ய வேண்டியவை இவை.

ஒரு கம்பெனிக்கு ஒரு தாள் எடுங்கள். எட்டு வரி: தயாரித்த கார்கள், டெலிவரி ஆனவை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், கார் வருமானம், அதில் கிரெடிட் (மற்ற கார் கம்பெனிகளுக்கு விற்கும் புகை விதிச் சலுகை) விற்றது எவ்வளவு, கையிலுள்ள ரொக்கம், அந்தக் காலாண்டில் கரைந்த ரொக்கம், மொத்தப் பங்குகளின் எண்ணிக்கை. காலாண்டுக்கு ஒரு கட்டம் என்று பக்கவாட்டில் நிரப்பிக்கொண்டே போக வேண்டும். நான்கு கட்டம் இருந்தால் ஓர் ஆண்டைப் பார்க்கலாம், எட்டு இருந்தால்தான் இந்த ஆண்டையும் போன ஆண்டின் அதே பருவத்தையும் ஒப்பிட முடியும். அதனால் முதல் முறை உட்காரும்போதே பழைய எட்டுக் காலாண்டையும் நிரப்பிவிடுங்கள்.

எண்களை எங்கே எடுப்பது? அமெரிக்க கம்பெனி என்றால் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்இசி-யின் எட்கர் தளத்தில் எல்லாம் இலவசம். காலாண்டுக்கு 10-க்யூ, ஆண்டுக்கு 10-கே, இடையில் வரும் அறிவிப்புகளுக்கு 8-கே. நியோ, எக்ஸ்பெங், வின்ஃபாஸ்ட் போல வெளிநாட்டிலிருந்து வந்து அமெரிக்கச் சந்தையில் பட்டியலானவை 6-கே, 20-எஃப் தாக்கல் செய்யும். சீனாவின் பிஒய்டி-யின் மாதாந்திர விற்பனையும் ஆண்டறிக்கையும் ஹாங்காங் பங்குச்சந்தைத் தளத்தில் கிடைக்கும். கம்பெனி வெளியிடும் வண்ணப் படங்கள் நிறைந்த தொகுப்பையும் பாருங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். அதில் எதைப் பெரிதாகப் போடுவது, எதை விடுவது என்பது அவர்கள் விருப்பம். 10-க்யூவின் பின்பக்கக் குறிப்புகளில் அந்தச் சலுகை கிடையாது.

தயாரிப்புக்கும் டெலிவரிக்கும் நடுவில்

டெஸ்லா காலாண்டு முடிந்த சில நாட்களிலேயே தயாரிப்பு, டெலிவரி எண்களை வெளியிடும். வருமானக் கணக்கு வர ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். இந்த மூன்று வாரத்தில் எல்லோரும் டெலிவரி எண்ணை வைத்தே சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள். நீங்கள் கழித்தல் கணக்கைப் போடுங்கள்.

2024 முதல் காலாண்டில் டெஸ்லா தயாரித்தது 4,33,371, டெலிவரி 3,86,810. மிச்சம் 46,561 கார்கள் கப்பலிலோ கிடங்கிலோ நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இரும்பு, பேட்டரி, கூலி எல்லாம் செலவாகிவிட்டது, பணம் வரவில்லை. பின்னர் கணக்கு வந்தபோது அந்தக் காலாண்டின் ஃப்ரீ கேஷ் ஃப்ளோ, அதாவது தொழிலில் வந்த ரொக்கத்தில் ஆலை, இயந்திரச் செலவு போக நின்றது, மைனஸ் 250 கோடி டாலர். கையிருப்பு சரக்கு மட்டும் 270 கோடி டாலர் ஏறியிருந்தது. மூன்று வாரம் முன்பே தாளில் மூன்றாவது வரியைப் போட்டவருக்கு இதில் அதிர்ச்சி இருந்திருக்காது.

கதை அதோடு முடியவில்லை. அடுத்த காலாண்டில் தயாரிப்பு 4,10,831, டெலிவரி 4,43,956. தேங்கியதில் 33,125 கார்கள் வெளியேறின, ஃப்ரீ கேஷ் ஃப்ளோ பிளஸ் 130 கோடி டாலருக்குத் திரும்பியது. ஆகவே ஒரே ஒரு காலாண்டில் வித்தியாசம் வீங்கினால் பதற வேண்டாம். தொடர்ந்து மூன்று காலாண்டு ஒரே திசையில் வீங்கினால் கம்பெனி விலையைக் குறைக்கப் போகிறது, அல்லது ஆலையை மெதுவாக ஓட்டப் போகிறது என்று அர்த்தம். ஃபிஸ்கர் என்ற அமெரிக்க மின்சார கார் கம்பெனி 2023-ல் பத்தாயிரத்துக்குச் சற்று மேல் கார்கள் செய்து, வாடிக்கையாளர் கைக்குப் போனது அதில் பாதிகூட இல்லை. 2024 ஜூனில் திவால்.

டெலிவரி என்ற சொல்லும் எல்லாக் கம்பெனியிலும் ஒன்றல்ல. நேரடியாக விற்பவர்கள் வாடிக்கையாளர் சாவி வாங்கியதும் எண்ணுவார்கள். டீலர் வழி விற்பவர்களுக்கு டீலரிடம் இறக்கியதே விற்பனை. சீனத்தில் மாதாமாதம் வரும் எண்களில் மொத்த விற்பனை (ஆலையிலிருந்து வெளியே போனது), சில்லறை விற்பனை (வாடிக்கையாளர் வாங்கியது) என்று இரண்டு உண்டு. டெஸ்லா ஷாங்காய் ஆலையின் மொத்த விற்பனை எண்ணில் ஏற்றுமதியும் கலந்திருக்கும், அதைச் சீன வாடிக்கையாளர் வாங்கியதாக எடுத்துக்கொண்டு குதிப்பவர்கள் ஒவ்வொரு மாதமும் உண்டு. இன்னொன்று, யார் வாங்கினார்கள் என்பது. வின்ஃபாஸ்ட் 2023-ல் 34,855 கார்கள் டெலிவரி செய்தது. அதில் பெரும்பகுதி ஜிஎஸ்எம் என்ற டாக்ஸி, வாடகை கார் நிறுவனத்துக்குப் போனது. இரண்டுக்கும் பின்னால் இருப்பவர் ஒரே தொழிலதிபர். ஆண்டறிக்கையில் "தொடர்புடைய தரப்பினருடன் பரிவர்த்தனை" என்ற குறிப்பைத் தேடிப் படிப்பது இதற்காகத்தான்.

கிரெடிட்டைக் கழித்துவிட்டுப் பாருங்கள்

புகை விதிகளை எட்ட முடியாத கார் கம்பெனிகள், எட்டியதோடு மிச்சமும் வைத்திருப்பவரிடம் கிரெடிட் வாங்குகின்றன. விற்பவருக்கு இதில் செலவு ஏறக்குறைய பூஜ்யம், வந்தது அத்தனையும் லாபத்தில் சேரும். அதனால்தான் கார் விற்ற லாபம் எவ்வளவு என்பது மறைந்துபோகிறது.

2025 முதல் காலாண்டு டெஸ்லா கணக்கை எடுத்துக்கொள்வோம். கார் பிரிவின் வருமானம் சுமார் 1,397 கோடி டாலர், அதில் கிரெடிட் 59.5 கோடி. அறிவித்த மொத்த லாப விகிதம் (உற்பத்திச் செலவு மட்டும் போக நின்றது) 16.2 சதவீதம், அதாவது சுமார் 226 கோடி லாபம். லாபத்திலிருந்தும் வருமானத்திலிருந்தும் கிரெடிட்டைக் கழியுங்கள். லாபத்தில் கழித்து வருமானத்தில் கழிக்க மறப்பதுதான் வழக்கமான தவறு. லாபம் சுமார் 167, வருமானம் சுமார் 1,337. வகுத்தால் 12.5 சதவீதம். அந்தக் காலாண்டில் 3,36,681 கார்கள் போயின. வகுத்தால் ஒரு காருக்குக் கிடைத்தது 39,700 டாலருக்குப் பக்கம், மொத்த லாபம் 5,000 டாலருக்கு ஒட்டி. ஆராய்ச்சிச் செலவு, அலுவலகச் செலவு எல்லாம் இந்த 5,000-த்துக்குப் பிறகுதான். கம்பெனி முழுவதற்குமான நிகர லாபம் 40.9 கோடி டாலர். கிரெடிட் வருமானம் அதைவிடப் பெரிது என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு அமெரிக்க மின்சார கார் கம்பெனியான ரிவியன் 2024 கடைசிக் காலாண்டில் முதல் முறையாக மொத்த லாபம் காட்டியது: 17 கோடி டாலர். அதே காலாண்டில் கிரெடிட் விற்றது 29.9 கோடி. கழித்துப் பார்த்துவிட்டுக் கொண்டாடுவது நல்லது. அமெரிக்காவில் 2025 ஜூலையில் வந்த சட்டம் எரிபொருள் சிக்கன விதியை மீறியதற்கான அபராதத்தையே பூஜ்யம் ஆக்கிவிட்டதால், அங்கே இந்த வரவு வற்றும் பக்கம்தான் போகும்.

ஒரே முறை வரும் வரவுகளையும் இதேபோல் தனியே எடுத்து வையுங்கள். டெஸ்லாவின் 2023 கடைசிக் காலாண்டு நிகர லாபம் 793 கோடி டாலர் என்று வந்தது. அதில் 590 கோடி, ரொக்கமாகக் கைக்கு வராத வரிக் கணக்கு மாற்றம்.

ரொக்கம் எத்தனை நாள் தாங்கும்

லாபம் பார்க்காத கம்பெனிகளுக்கு இந்த ஒரு கணக்கே மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். கையிலுள்ள ரொக்கம், குறுகிய கால முதலீடு இரண்டையும் கூட்டுங்கள். கடைசி நான்கு காலாண்டில் கரைந்த ரொக்கத்தின் சராசரியால் வகுங்கள். கையில் 480 கோடி, காலாண்டுக்கு 80 கோடி கரைகிறது என்று வைத்துக்கொண்டால் ஆறு காலாண்டு.

அந்த ஆறை அப்படியே நம்பக் கூடாது. கணக்கு வெளியான நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் கம்பெனி தாக்குப்பிடிக்குமா என்று பெருத்த சந்தேகம் இருந்தால் அதை அறிக்கையிலேயே எழுத வேண்டும் என்பது அமெரிக்கக் கணக்கு விதி. அந்த வரி வந்துவிட்டால் சப்ளையர்கள் முன்பணம் கேட்பார்கள், கார் வாங்க வந்தவர் சர்வீஸ் யார் செய்வார் என்று யோசித்துத் திரும்பிப் போவார். எனவே கம்பெனி அதற்கு முன்பே பணம் திரட்டியாக வேண்டும். அந்த ஒரு வருடம் என்பது நான்கு காலாண்டு. ஆறில் நான்கு போனால் இரண்டு. இரண்டு காலாண்டுக்குள் புதுப் பங்கோ கடன் பத்திரமோ வரும் என்று எதிர்பார்த்தே வாங்க வேண்டும். ஃபிஸ்கர் அந்தச் சந்தேகத்தை எழுதியது 2024 பிப்ரவரி கடைசியில். நான்கு மாதம்கூடத் தாங்கவில்லை.

புதுப் பங்கு வந்தால் எட்டாவது வரி, அதாவது மொத்தப் பங்குகளின் எண்ணிக்கை, நகரும். கம்பெனி மதிப்பு அப்படியே இருந்தும் உங்கள் பங்கின் விலை இறங்கியிருந்தால் காரணம் பெரும்பாலும் அங்கே இருக்கும். பங்குகளை ஒன்று சேர்க்கும் ரிவர்ஸ் ஸ்ப்ளிட் நடந்திருந்தால் பழைய எண்களை அதே விகிதத்தில் வகுத்துத் திருத்துங்கள். இல்லாவிட்டால் பங்கு எண்ணிக்கை குறைந்ததுபோல் தெரியும். மின்சார லாரி கம்பெனியான நிகோலா 2024 ஜூனில் 30 பங்கை 1 ஆக்கியது, 2025 பிப்ரவரியில் திவால் மனு போட்டது.

போட்டியாளரோடு ஒப்பிடும்போது

பிஒய்டி 2024-ல் விற்றது 42 லட்சத்துக்கும் மேல், டெஸ்லா 17.9 லட்சம் என்று ஒப்பிட்டால் அது ஒப்பீடே அல்ல. பிஒய்டி எண்ணில் பாதிக்கு மேல் பெட்ரோல் இன்ஜினும் உள்ள பிளக்-இன் ஹைபிரிட். முழு மின்சார கார்கள் மட்டும் 17.6 லட்சம். அதன்படி 2024-ல் டெஸ்லா மயிரிழையில் முன்னால். 2025-ல் பிஒய்டி சுமார் 22.6 லட்சம், டெஸ்லா சுமார் 16.4 லட்சம். மாதாந்திர அறிக்கையில் இரண்டு வகையும் தனித்தனி வரியாகவே இருக்கும், எடுத்தெழுதச் சோம்பல்படாதீர்கள்.

சீன கம்பெனிகளுக்கு ஒன்பதாவது வரி ஒன்று சேர்க்க வேண்டும்: சப்ளையருக்குத் தர வேண்டிய பாக்கி. பாக்கியை ஆண்டு உற்பத்திச் செலவால் வகுத்து 365-ஆல் பெருக்கினால் சராசரியாக எத்தனை நாள் கழித்துப் பணம் தருகிறார்கள் என்று தெரியும். நாள் கூடக் கூட கையில் ரொக்கம் நிறைந்ததுபோல் இருக்கும். அது சப்ளையரின் பணம். 2025 ஜூனில் பெரிய சீன கார் கம்பெனிகள் 60 நாளுக்குள் பணம் தருவதாக உறுதி சொன்னபோது, அதிக நாள் இழுத்துவந்தவர்களின் ரொக்கம் வெளியேற வேண்டிய கட்டாயம் வந்தது.

ரசிகர் கூட்டம் தரும் தகவல்

ஆலை மேல் டிரோன் பறக்கவிடுபவர்கள், கப்பல் வரவைக் குறிப்பவர்கள், நார்வேயில் புதிதாகப் பதிவாகும் கார்களைத் தினமும் எண்ணுபவர்கள் எல்லாம் உண்மையிலேயே பயனுள்ள வேலை செய்கிறார்கள். சம்பளம் வாங்கும் ஆய்வாளர்கள் பலருக்கு இந்தப் பொறுமை கிடையாது. பயன்படுத்தும்போது ஒரே எச்சரிக்கை: கார்கள் கப்பலில் வரும் சந்தைகளில் காலாண்டின் முதல் மாதம் பெரும்பாலும் வறட்சி, மூன்றாம் மாதம் வெள்ளம். ஏப்ரலை மார்ச்சோடு ஒப்பிட்டால் கம்பெனி செத்துவிட்டது என்று தோன்றும். ஏப்ரலை ஜனவரியோடும் போன ஏப்ரலோடும் ஒப்பிடுங்கள். முன்பதிவு எண்ணிக்கையைத் தாளில் ஏற்றவே வேண்டாம். திருப்பித் தரக்கூடிய சிறு தொகை கட்டிய பெயர்ப் பட்டியல் அது.

"முதலாளி பங்கை விற்றுவிட்டார்" என்ற பரபரப்பு கிளம்பினால் எட்கரில், கம்பெனி நிர்வாகிகள் தங்கள் பங்குப் பரிவர்த்தனையைத் தெரிவிக்கும் ஃபார்ம் 4-ஐத் திறந்து குறியீட்டைப் பாருங்கள். இரண்டு வேலை நாளுக்குள் தாக்கல் செய்தாக வேண்டும். எஃப் என்றால் வரிக்காகப் பிடித்துக்கொண்ட பங்கு, எம் என்றால் ஆப்ஷனை (குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமையை) பங்காக மாற்றியது, எஸ் விற்பனை. முன்கூட்டியே போட்ட திட்டப்படி விற்றாரா என்பதற்கும் அதிலேயே ஒரு கட்டம் உண்டு. பி என்பது சொந்தக் காசில் சந்தையில் வாங்கியது. அது அபூர்வம், வந்தால் நேரம் ஒதுக்கிப் படியுங்கள். பெரிய ஃபண்டுகளின் 13எஃப் பட்டியல் காலாண்டு முடிந்து 45 நாள் வரை தாமதமாக வரும், விலை இறங்கும் என்று அவர்கள் பங்கைக் கடன் வாங்கி விற்றிருந்தால் (ஷார்ட்) அது அதில் தெரியாது.

தாள் எவ்வளவு சரியாக இருந்தாலும் கடன் வாங்கி இந்தப் பங்குகளில் போட்டால் பயனில்லை. 100 ரூபாய்ப் பங்கில் 50 கடன் என்றால், சொந்தப் பணம் 25 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது என்ற நிபந்தனையில், விலை 66.67-க்கு இறங்கும்போதே புரோக்கர் கூடுதல் பணம் கேட்பார், இல்லாவிட்டால் விற்றுவிடுவார். அது மூன்றில் ஒரு பங்கு இறக்கம். கார் விற்பனை 40 சதவீதம் ஏறிய 2022-ல் டெஸ்லா பங்கு இறங்கியது ஏறக்குறைய அந்த மூன்றில் ஒரு பங்கின் இரு மடங்கு.