பந்தி முடிந்த பிறகு: மண்டபமும் பெரிய உணவகமும் சட்டப்படி செய்ய வேண்டியவை

பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்துக்கும் அதை ஒட்டிய சைவ உணவகத்துக்கும் பண்டசாலையும் கணக்கும் என் பொறுப்பு. அரிசி மூட்டை உள்ளே வரும்போது கையெழுத்துப் போடுவதுபோல, சோறு குப்பையாகி வெளியே போகும்போதும் நான்தான் கையெழுத்துப் போடுகிறேன். அந்த இரண்டாவது கையெழுத்து எதற்கு என்று கேட்கும் மண்டபக்காரர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் புதிதல்ல. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளே இதைச் சொல்லிவிட்டன. உணவகங்கள் குப்பையை உருவாகும் இடத்திலேயே பிரிக்க வேண்டும், மட்கும் பகுதியை இயன்றவரை தம் வளாகத்துக்குள்ளேயே உரமாகவோ எரிவாயுவாகவோ மாற்ற வேண்டும் என்று அவற்றில் இருந்தது. பெரும்பாலோர் படிக்கவில்லை. இப்போது அவற்றின் இடத்தில் 2026-ஆம் ஆண்டு விதிகள் வந்து, ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. இவற்றில் கணக்கும் பதிவும் கூடியிருக்கின்றன, அதனால் தப்பிக்கும் சந்தும் குறைந்திருக்கிறது.

முதல் வேலை, நீங்கள் 'பெருமளவு கழிவு உருவாக்குவோர்' பட்டியலில் வருகிறீர்களா என்று பார்ப்பது. அளவுகோல் மூன்று: தரைப்பரப்பு 20,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேல், தண்ணீர்ச் செலவு நாளொன்றுக்கு 40,000 லிட்டர் அல்லது அதற்கு மேல், குப்பை நாளொன்றுக்கு 100 கிலோ அல்லது அதற்கு மேல். மூன்றில் ஒன்று பொருந்தினாலே நீங்கள் உள்ளே. 20,000 சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ ஐந்து ஏக்கர். அவ்வளவு தரைப்பரப்பு நம்மில் பலருக்குக் கிடையாது. ஆனால் 12,000 லிட்டர் லாரியில் மூன்றரை லாரித் தண்ணீர் இறங்கினாலே இரண்டாவது கணக்கைத் தாண்டிவிடுவீர்கள். மூன்றாவது அதைவிட எளிது. எச்சில் இலை ஒன்று, அதில் மிச்சம் வைத்ததோடு சேர்த்துக் கால் கிலோ என்று வைத்துக்கொண்டாலும் 400 இலையில் 100 கிலோ முடிந்தது. காய்கறித் தோல், தேங்காய்ச் சக்கை, பூ எல்லாம் அதற்கு மேல். "மாதத்தில் பத்து நாள்தானே முகூர்த்தம், சராசரி போட்டால் குறைவுதானே" என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சராசரியைக் காட்டவும் எழுதி வைத்த கணக்கு வேண்டுமே.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது தராசு. உர இயந்திரத்தையும் வண்ண வண்ணத் தொட்டிகளையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 150 கிலோ வரை நிறுக்கும் மேடைத் தராசு ஒன்றைப் பின்வாசலில் வையுங்கள். ஒரு நீளக் குறிப்பேட்டில் தேதி, நிகழ்ச்சி, எத்தனை இலை, ஈரக்கழிவு எத்தனை கிலோ, உலர்கழிவு எத்தனை கிலோ, எங்கே போனது, யார் எடுத்தது என்று ஏழு கட்டம் போதும். சாக்கு தராசில் ஏறாமல் வாசலைத் தாண்டக் கூடாது என்பதை முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். எங்கள் குறிப்பேட்டில் மஞ்சள் கறையும் எண்ணெய் விரல் அடையாளமும் இல்லாத பக்கமே கிடையாது. அதிகாரி வந்து பார்த்தால் நம்புவது அந்தக் கறையைத்தான். கணினியில் அச்சடித்த சுத்தமான தாளை நீட்டினால் "இது நேற்று ராத்திரி போட்டதா?" என்பார்.

பிரிப்பது இப்போது நான்காக. ஈரக்கழிவு, உலர்கழிவு, சுகாதாரக் கழிவு, சிறப்புக் கவனம் வேண்டிய கழிவு. கடைசி இரண்டையும் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். மணமகள் அறை, தாய்மார் அறைக் குப்பைக்கூடையில் விழும் நாப்கினும் குழந்தைகளின் டயாப்பரும் சுகாதாரக் கழிவு. தாளில் சுற்றித் தனியாக வைக்க வேண்டும். உடைந்த பல்பு, பேட்டரி, பெயின்ட் டப்பா, காலாவதி மருந்து போன்றவை நான்காவது. அலுவலகத்தில் ஒரு பெட்டி வைத்தால் அது நிறையவே பல மாதம் ஆகும்.

சிக்கல் முழுவதும் பந்தியில்தான் இருக்கிறது. நம் மண்டபங்களில் மேசைமேல் தாள் சுருளை விரித்து, அதன்மேல் இலை போடுகிறோம். சாப்பிட்டவர்கள் எழுந்ததும் இலை எடுக்கிறவர் ஒரு முனையிலிருந்து தாளைச் சுருட்டிக்கொண்டே வருவார். இலை, சோறு, தண்ணீர் பாட்டில், ஐஸ்கிரீம் கிண்ணம், அதன் கரண்டி, பீடா குத்திய குச்சி எல்லாம் ஒரே உருளையாகிச் சாக்குக்குள் போய்விடும். வேகத்துக்கு அதைவிட நல்ல வழி இல்லை. அடுத்த பந்திக்கு ஆட்கள் நாற்காலிக்குப் பின்னால் நிற்கும்போது யாரிடம் போய்ப் பிரிக்கச் சொல்வது? ஆனால் அந்த உருளை சாக்குக்குள் போய்விட்டால் பிறகு எந்தத் தெய்வமும் அதைப் பிரிக்க முடியாது.

நாங்கள் செய்வது இது. இலை எடுக்கிறவருக்கு முன்னால் ஓர் ஆள் பிளாஸ்டிக் கிரேட்டோடு நடப்பார். பாட்டில், கிண்ணம், கரண்டி ஆகிய மூன்றை மட்டும் எடுப்பார். வேறு எதையும் தொட மாட்டார். ஒரு வரிசைக்கு அதிகம் போனால் ஒரு நிமிடம் ஆகும். அவருக்குப் பின்னால் தாளும் இலையும் சேர்ந்து சுருண்டு வரலாம். பூச்சு இல்லாத தாள் என்றால் அது உரக்குழிக்கு நல்லதுதான். பிளாஸ்டிக் பூசிய தாளை வாங்கிவிட்டால் இத்தனையும் வீண். மேசைமேல் விரிக்கும் பிளாஸ்டிக் தாள், பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளை, தெர்மாகோல் தட்டு, தண்ணீர் பாக்கெட், உறிஞ்சுகுழல் ஆகியவை தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடையில் இருக்கின்றன. சமையல் ஒப்பந்தக்காரர் கொண்டுவந்தார் என்பது பதிலாகாது. மண்டபம் உங்களுடையது.

சமையல்கட்டுக் குப்பை வேறு ரகம். அது எச்சில் படாதது. அதைத் தனியே வைத்தால் பாதி வேலை சுலபம். மறுவீட்டு விருந்துக்குத் தேங்காய்ப்பாலில் செய்யும் சொதிச் சாப்பாடு இருக்கும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பால் பிழிந்த பிறகு மிஞ்சும் தேங்காய்ச் சக்கை அண்டா அண்டாவாக நிற்கும். எண்ணெய்ப் பசையுள்ள பண்டம். நம் வெயிலுக்குச் சாயங்காலத்துக்குள் புளித்துவிடும். எங்கள் தவசிப்பிள்ளை (சமையல்காரர்), "சக்கைக்கும் சட்டமா அம்மா?" என்று கேட்டார். "சக்கைக்கு இல்லை அண்ணாச்சி, அது நாறினால் பக்கத்து வீட்டுக்காரர் எழுதப்போகிற புகாருக்கு" என்றேன். அன்று முதல் சக்கை தனி வாளியில், மதியத்துக்குள் மாட்டுக்காரரிடம் போகிறது. சிரட்டை தனிச் சாக்கில். அதற்குக் காசே கிடைக்கும். பந்தி இலையில் மிஞ்சும் முருங்கைக்காய்ச் சக்கைக்கு மட்டும் இன்னும் வழி தெரியவில்லை. மென்று துப்பிய நார் அவ்வளவு சீக்கிரம் மட்காது, இலையோடு சேர்த்து வெட்டித்தான் போட வேண்டும்.

இனி வளாகத்துக்குள் என்ன செய்வது? உரமா, எரிவாயுவா என்பதை உங்கள் குப்பையே முடிவுசெய்யும். எச்சில் இலை அதிகமுள்ள மண்டபத்துக்கு உரம்தான் சரி. வாழை இலையை எரிவாயுக் கலத்தில் போட்டால் மேலே மிதந்து ஏடு கட்டி வாயை அடைத்துவிடும். தினமும் ஒரே அளவில் சோறு, சாம்பார், மாவு மிஞ்சுகிற உணவகத்துக்கும் விடுதிக்கும் எரிவாயுக் கலம் பொருந்தும். 100 கிலோ உணவுக் கழிவிலிருந்து சுமார் 10 கன மீட்டர் வாயு கிடைத்தால், அது நான்கு கிலோ சமையல் எரிவாயுவுக்கு ஈடு. ஐந்து நாளைக்கு ஒரு வணிக சிலிண்டர் மிச்சம் என்று கணக்குப் போடலாம். தொடக்கத்தில் சாணிக் கரைசல் ஊற்றி, சில வாரம் காத்திருந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தீனியைக் கூட்ட வேண்டும். வெறும் சோற்றையே கொட்டினால் கலம் புளித்து வாயு நின்றுபோகும். எலுமிச்சைத் தோலையும் ஊறுகாயையும் தள்ளி வையுங்கள்.

உரத்துக்கு நான்கு விஷயம் போதும்: இலையை வெட்டும் இயந்திரம், மேலே கூரை, அடியில் வடிகால், பக்கத்தில் காய்ந்த சருகோ தென்னை நார்க் கழிவோ ஒரு குவியல். ஈரச் சோற்றை மட்டும் குவித்தால் காற்று புகாமல் அழுகும். சருகு சேர்த்தால் மட்கும். பிசைந்த குவியலில் ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். உள்ளங்கை நனைய வேண்டும், விரலிடுக்கில் சொட்டக் கூடாது. ஆனி, ஆடிக் காற்றில் குவியல் சீக்கிரம் காய்ந்துவிடும், தண்ணீர் தெளிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நேர்மாறு. சரியாகப் போனால் உள்சூடு 55 டிகிரியைத் தாண்டும். கையை விட்டால் சுடும்.

"24 மணி நேரத்தில் உரம்" என்று இயந்திரம் விற்க வருவார்கள். அதிலிருந்து வருவது பெரும்பாலும் சூடேற்றிக் காயவைத்த சோற்றுத் தூள்தான். ஈரம் பட்டால் மறுபடி நாறும். அதை வாங்குவதானால், வெளியே வரும் தூளைச் சில வாரம் ஆறப்போட இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மின்கட்டணத்தையும் கேளுங்கள், விற்பவர் அதை மட்டும் தானாகச் சொல்ல மாட்டார். உரத்தை மூட்டை கட்டி நகர உரம் என்று விற்பதானால் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் தர அளவு பொருந்தும்; கரி-தழைச்சத்து (கார்பன்-நைட்ரஜன்) விகிதம் 20-க்குக் கீழ் இருக்க வேண்டும். களக்காட்டு வாழைத் தோட்டத்துக்குச் சும்மா கொடுப்பதென்றாலும், உப்பு அதிகமான உரத்தை வாங்கியவர் மறுமுறை வர மாட்டார் என்பதை நினைவில் வையுங்கள்.

இடமே இல்லை என்றால்? புதிய விதிகளில் அதற்கும் வழி உண்டு. வளாகத்துக்குள் ஈரக்கழிவைச் செயலாக்க முடியாதவர்கள், அந்த அளவுக்கு விரிவாக்கப்பட்ட பொறுப்புச் சான்றிதழ் பெற வேண்டும். கழிவு வாசலைத் தாண்டிய பிறகும் பொறுப்பு உங்களுடையதுதான் என்பதே அதன் பொருள். மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் சுகாதார அலுவலரைப் பார்த்து, ஈரக்குப்பையை உரமாக்கும் நுண் உரம் செயலாக்க மையத்தில் உங்கள் அளவை எடுத்துக்கொள்ள இயலுமா, கட்டணம் என்ன என்று எழுத்தில் கேளுங்கள். தனியார் வண்டி என்றால், எங்கே கொண்டுபோய் என்ன செய்கிறார் என்பதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒருமுறை அந்த வண்டியின் பின்னாலேயே போய்ப் பாருங்கள். மாநகராட்சியின் ராமையன்பட்டிக் குப்பைக் கிடங்கு தீப்பிடித்துப் புகைந்த செய்தி நெல்லைக்காரர்களுக்குப் புதிதல்ல. கலந்து கொட்டிய ஈரக்குப்பை உள்ளே அழுகி மீத்தேன் வாயுவைக் கக்குகிறது; அந்தத் தீக்கு அதுவும் ஒரு தீனி.

பன்றிப் பண்ணைக்காரர் வாளியோடு வந்து வாங்கிப்போவது பழைய ஏற்பாடு. கழிவு தீர்ந்தது என்று தோன்றும், ஆனால் கையில் ரசீது இருக்காது. வேகவைக்காத எச்சில் தீனியால் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவும் என்பதும் உண்மை. நான் அதை நிறுத்திவிட்டேன்.

பொரித்த எண்ணெயை இந்தக் குப்பையோடு சேர்க்கவே கூடாது. அது உணவுப் பாதுகாப்புத் துறையின் கணக்கு. எண்ணெயில் மொத்தத் துருவச் சேர்மங்கள் (பொரிக்கப் பொரிக்க எண்ணெய் சிதைந்து சேரும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதில் மீண்டும் பொரிக்கக் கூடாது. நாளொன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவழிப்பவர்கள் பதிவேடு வைத்து, அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம்தான் பழைய எண்ணெயைக் கொடுக்க வேண்டும். மிக்சர், முறுக்குப் போடும் கடைகள் இதைக் கவனிக்கட்டும். தள்ளுவண்டிக்கு மலிவாக விற்பது பரோபகாரம் அல்ல.

பரிமாறாமல் மிஞ்சிய உணவு கழிவே அல்ல. உபரி உணவை மீட்டு வழங்குவதற்கு 2019-இல் தனி ஒழுங்குமுறையே வந்திருக்கிறது. பாத்திரத்தில் சூடாக இருக்கும்போதே ஆதரவற்றோர் இல்லங்களுக்கு அனுப்புங்கள். சொதியை மட்டும் நம்பாதீர்கள், தேங்காய்ப்பால் முந்திக்கொண்டு கெடும். இலையில் விழுந்தது எதுவும் இதில் சேராது.

கழுவிய தண்ணீருக்கு எண்ணெய் பிடிக்கும் தொட்டி கட்டுங்கள், வாரம் ஒருமுறை மேலே மிதக்கும் எண்ணெய் ஏட்டை அள்ளுங்கள். பாளையங்கால்வாய் ஓரம் இருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். கால்வாயிலோ ஆற்றிலோ விடுவது 1974-ஆம் ஆண்டு தண்ணீர் மாசுத் தடுப்புச் சட்டப்படியே கூடாது.

கடைசியாகக் காகிதம். புதிய விதிகள் கேட்கும் இணையதளப் பதிவு, எடைக் குறிப்பேடு, வண்டிக்காரர் ஒப்பந்தம், ரசீதுகள், எண்ணெய்ப் பதிவேடு எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். பதிவு இல்லாமல் நடத்தினாலும், பொய்க் கணக்குக் கொடுத்தாலும் புதிய விதிகளில் சுற்றுச்சூழல் இழப்பீடு உண்டு. தாய்ச் சட்டமான சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின்படி அபராதம் 10,000 ரூபாயில் தொடங்கி 15 லட்சம் வரை போகலாம். மண்டபத்துக்கு வெளியே பந்தல் போட்டு நூறு பேருக்கு மேல் கூட்டுவதானால், மூன்று வேலைநாள் முன்னதாக உள்ளாட்சிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2016 விதிகளில் இருந்தது. அந்தக் கடிதத்தை இப்போதும் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கி வைப்பது நல்லது.

மண்டப வாடகை ஒப்பந்தத்திலும் ஒரு வரி சேருங்கள்: தடை செய்த பிளாஸ்டிக் உள்ளே வராது, கழிவைப் பிரிக்கும் கூலி வாடகையோடு சேரும் என்று. கையெழுத்துப் போடுவது மாப்பிள்ளை வீடா பெண் வீடா என்பதை முன்பணம் வாங்கும் அன்றே கேட்டுவிடுங்கள். கல்யாணத்தன்று கேட்டால் இரண்டு வீட்டாரும் சமையல்காரரைக் கைகாட்டுவார்கள்.