கடன் வாங்கிக் கழிக்கிற கணக்கு: ஈர்க்கும் நூலும் இருந்தாக் காணும்

தரம் 3, 4 படிக்கிற பிள்ளை வீட்டில இருந்தா இது உங்களுக்கு நல்லாத் தெரியும். 47ல இருந்து 23ஐக் கழி எண்டா டக்கெண்டு செஞ்சிரும், 52ல இருந்து 38 எண்டா கொஞ்சம் யோசிக்கும், 203ல இருந்து 68 எண்டு எழுதிக் குடுத்தா பென்சிலக் கடிக்கத் தொடங்கிரும். என்ட மகள் எழுதின விடை 265. இருந்தத விட எடுத்த பிறகு கூடி இருக்கே, எப்பிடி எண்டு கேட்டா, "3ல இருந்து 8 போகாதுதானே அம்மா, அதான் 8ல இருந்து 3ஐ எடுத்தன்" எண்டு பெரிய நியாயம் வேற. கொப்பியில திருப்பித் திருப்பி எழுத வச்சுப் பாத்தும் சரிவரல்ல, கடைசியா ஈர்க்குல செஞ்சுதான் விளங்கினது. அதத்தான் இஞ்ச எழுதுறன். கூட்டல், சாதாரண கழித்தல் எல்லாம் பிள்ளைக்குத் தெரியும் எண்டு வச்சுக்கொள்றன்.

முதல்ல சாமான். தென்னோலை ஈர்க்கு ஒரு பிடி, தையல் நூல், பழைய துணிக்கீலம், சோக்கு. அவ்வளவுதான். கடையில பிளாஸ்ரிக்ல பத்தடிக் குற்றி எண்டு, ஒண்டு, பத்து, நூறு காட்டுற கட்டைகள வடிவா பெட்டியில போட்டு விக்கிறாங்க, அத வாங்காதீங்க எண்டுதான் நான் சொல்லுவன். வேணுமெண்டா பிறகு வாங்கலாம், துவக்கத்தில வேணாம். காரணம் என்னெண்டா அந்தப் பத்துக் குற்றியப் பிரிக்க ஏலாது, ஒட்டினபடியே இருக்கும். அத உள்ள வச்சிட்டு பத்து ஒண்டுக் குற்றிய வெளிய எடுத்து மாத்தோணும். புதுசாப் படிக்கிற பிள்ளைக்கு அது அம்மா செய்யுற ஏதோ வித்தை மாதிரித்தான் தெரியும். ஈர்க்குக் கட்டெண்டா பிள்ளையே கட்டினது, பிள்ளையே அவிழ்க்கிறது, உள்ளுக்குள்ள இருந்த அதே பத்துத்தான் வெளிய வருது எண்டு கண்ணால பாக்குது. ஐஸ்பழக் குச்சியும் நல்லதுதான், ஆனா இருநூறு சேர்க்கிறதுக்குள்ள பிள்ளைக்குத் தடிமன் பிடிச்சிரும்.

ஈர்க்க விரல் நீளத்துக்கு வெட்டுங்க. கையால உடைச்சா நுனி சிலும்பு சிலும்பா நிண்டு குத்தும், பாக்குவெட்டியால வெட்டினா நறுக்கெண்டு சமனா வரும். கத்திரிக்கோல் அடிப்பக்கத்துக்குச் சரிவராது. நுனிப்பக்கம் மெல்லிசா இருக்கிறத எறிஞ்சிருங்க, ஏனெண்டா எல்லாக் கட்டும் ஒரே மொத்தமா இருந்தாத்தான் பிள்ளை எண்ணாமலே "இது பத்து" எண்டு பாத்த உடன சொல்லும்.

அடுத்தது கட்டுறது. பத்து ஈர்க்கு ஒரு சின்னக் கட்டு, பத்துச் சின்னக் கட்டச் சேர்த்து துணிக்கீலத்தால ஒரு பெரிய கட்டு, அது நூறு. இதப் பிள்ளைதான் கட்டோணும். நீங்க கட்டிக் குடுத்தா பாதிப் பலன் போயிரும். முடிச்சு மட்டும் உருவு முடிச்சாப் போடச் சொல்லிக் குடுங்க, இல்லாட்டி அவிழ்க்கிற நேரம் அழுகை வரும். றப்பர் பான்ட் சுகம்தான், ஆனா எங்கட திருகோணமலை வெக்கைக்கு அது கொஞ்ச நாள்ல இளகி ஈர்க்கோட ஒட்டிப்போகும், அதால நான் நூலுக்கு மாறிட்டன்.

இனி நிலத்தில சோக்கால மூண்டு கட்டம் கீறுங்க, இடப்பக்கம் நூறு, நடுவில பத்து, வலப்பக்கம் ஒண்டு. இதில கனபேர் கவனிக்காத ஒரு விசயம், நீங்க பிள்ளைக்கு எதிர்ல இருக்காதீங்க. எதிர்ல இருந்தா உங்களுக்கு இடம் வலம் மாறித் தெரியும், கை தன்ட பாட்டில பிழையான கட்டத்தக் காட்டும், பிள்ளை குழம்பும். பக்கத்தில, அது பாக்கிற பக்கமே பாத்து இருங்க.

இப்ப 203 வைக்கச் சொல்லுங்க. ரெண்டு பெரிய கட்டு, நடுவில ஒண்டுமில்ல, வலப்பக்கம் மூண்டு ஈர்க்கு. இதில இருந்து 68 எடுக்கோணும். ஒண்டுல எட்டு எடு எண்டா மூண்டுதான் கிடக்குது. பக்கத்து வீட்டில கேக்கலாம் எண்டா பத்துக் கட்டம் வெறுசு. இந்த இடத்திலதான் எல்லாப் பிள்ளையும் நிக்கும், நீங்களும் வாய மூடிட்டு இருக்கோணும், அதுதான் கஸ்ரம். கொஞ்ச நேரம் போனா பிள்ளையே பெரிய கட்டப் பாக்கும். துணிக்கீலத்த அவிழ்க்கும். பத்துச் சின்னக் கட்டு வரும், அதத் தூக்கி நடுக் கட்டத்தில வைக்கும். இப்ப நூறு ஒண்டு, பத்து பத்து, ஒண்டு மூண்டு. இன்னும் எட்டு எடுக்க ஏலாது, அதால ஒரு சின்னக் கட்டையும் அவிழ்த்து வலப்பக்கம் போடோணும். இப்ப நடுவில ஒன்பது கட்டு, வலப்பக்கம் பதின்மூண்டு ஈர்க்கு.

அந்த நடுவில நிக்கிற ஒன்பதுதான் முழுப் பிரச்சினையும். கொப்பியில 0ஐ வெட்டிட்டு 9 எண்டு எழுது எண்டு ரீச்சர் சொன்னா பிள்ளை எழுதும், ஆனா அந்த 9 எங்க இருந்து வந்தது எண்டு அதுக்குத் தெரியாது, அடுத்த கணக்கில மறந்திரும், இல்லாட்டி 10ஐ அப்பிடியே விட்டிரும். ஈர்க்குல செஞ்ச பிள்ளைக்கு ஒன்பது கண்ணுக்கு முன்னால தெரியும். பத்துக் கட்டு வந்தது, ஒண்டு போனது. மிச்சம் சுகம், பதின்மூண்டுல எட்டுப் போனா அஞ்சு, ஒன்பதுல ஆறு போனா மூண்டு, நூறு ஒண்டு அப்பிடியே. 135.

எழுதுறத எப்ப செய்யிறது? எல்லாத்தையும் ஈர்க்குல முடிச்சிட்டு பிறகு கொப்பியில எழுத வைக்காதீங்க. பெரிய கட்ட அவிழ்த்தா உடன கொப்பியில 2ஐ வெட்டி 1, 0ஐ வெட்டி 10. சின்னக் கட்ட அவிழ்த்தா உடன 10ஐ வெட்டி 9, 3ஐ வெட்டி 13. ஒரு கை வேலை, ஒரு எழுத்து. சதுரக் கொப்பியில எழுதினா நல்லம், ஒரு பெட்டிக்குள்ள ஒரு இலக்கம் நிக்கும். இது பழகின பிறகு ஈர்க்குக்குப் பதிலா படம், பெரிய சதுரம் நூறு, கோடு பத்து, புள்ளி ஒண்டு. அதுக்குப் பிறகு வெறும் இலக்கம். கை, படம், எழுத்து எண்டு இந்த வரிசைய ஜெரோம் புரூனர் எண்ட அமெரிக்க உளவியலாளர் 1960கள்ல எழுதி வச்சிருக்கிறார், சிங்கப்பூர்க் கணக்குப் பாடமும் இதே வழிதான். நடுவில இருக்கிற படத்த மட்டும் பாயாதீங்க, அவசரத்தில எல்லாரும் அதத்தான் விடுறது.

சில பிள்ளை இன்னொரு வழி கண்டுபிடிக்கும். ரெண்டு பெரிய கட்டையும் அவிழ்த்து "இருபது கட்டு இருக்கு, ஒண்ட எடுத்தா பத்தொன்பது" எண்டு சொல்லும். அது சரிதான், தடுக்காதீங்க, விளங்கினதாலதான் அப்பிடிச் செய்யுது. சோதனைத் தாள்ல மட்டும் வகுப்பில சொன்ன மாதிரி எழுதச் சொல்லுங்க.

பெருக்கலுக்கு ஈர்க்கு வேணாம், சிப்பி, புளியங்கொட்டை மாதிரி உருண்டது நல்லம். உப்புவெளிக் கடற்கரையில பின்னேரம் மணல்ல மூண்டு வரி, வரிக்கு நாலு சிப்பி வைக்கச் சொல்லுங்க, பிறகு பிள்ளைய எழுப்பி பக்கவாட்டில வந்து நிண்டு பாக்கச் சொல்லுங்க, இப்ப நாலு வரி, வரிக்கு மூண்டு. சிப்பி ஒண்டையும் தொடல்ல, 12 அப்பிடியே. வாய்பாட்டில பாதியப் பாடமாக்கத் தேவையில்ல எண்டு அதுக்கே விளங்கிரும். திருகோணமலைக் கோட்டைக்குள்ள மான் பாக்கப் போனா நாலாம் வாய்பாடு, ஆறு மானுக்கு எத்தின கால். கன்னியா வெந்நீர்க் கிணத்தடிக்குப் போனா ஏழாம் வாய்பாடு, ஏழு கிணத்திலயும் மூண்டு மூண்டு வாளி அள்ளினா எத்தின வாளி. போற வழியில கேட்டா விளையாட்டு, வீட்டில மேசையில இருத்திக் கேட்டா தண்டனை.

பிறகு சேர்த்தது: ரெண்டு பேர் ஒரே விசயத்தக் கேட்டிருந்தாங்க, பெரிய கட்டுக்குப் பதிலா பத்துச் சின்னக் கட்டையும் பால்மாப் பேணிக்குள்ள போட்டா என்ன எண்டு. வேணாம். உள்ள என்ன இருக்கு எண்டு தெரியாது, பிள்ளை அத ஒரு பேணி எண்டுதான் பாக்கும், நூறு எண்டு பாக்காது. பேணி வேணுமெண்டா கட்டெல்லாம் அடுக்கி வைக்கப் பாவியுங்க, மாரிமழைக்கு ஈர்க்கு பூஞ்சணம் பிடிக்காம மூடி இறுக்கி வைக்கலாம்.

இன்னொராள் 1000ல இருந்து 437 எப்பிடி எண்டு கேட்டிருந்தா. ஆயிரம் ஈர்க்கு வெட்டினா உங்கட கைதான் போகும், அதுக்குக் காசு நல்லம். கடதாசியில ஆயிரம், நூறுத் தாள் வெட்டிக்கொள்ளுங்க, பத்து ரூபாய்க் குத்தி உண்மையானதே எடுக்கலாம், ஒரு ரூபாய்க் குத்தி இப்ப தேடிப் பிடிக்கோணும், இல்லாட்டி புளியங்கொட்டை. பிள்ளை கடைக்காரர், நீங்க ஆயிரத்தோட வந்து 437க்குச் சாமான் வாங்குற ஆள். ஆயிரத்த பத்து நூறா மாத்தி, அதில ஒரு நூற பத்துக் குத்தியா மாத்தி, ஒரு குத்திய பத்து ஒண்டா மாத்தினா ஒன்பது, ஒன்பது, பத்து எண்டு நிக்கும், அதில 437 எடுத்தா மிச்சம் 563. ஆனா ஈர்க்குல பழகாம நேர காசுக்குப் போகாதீங்க, காசு மாத்துறது, அவிழ்க்கிறது இல்ல. இன்னொண்டு, மிச்சக் காசுக்கு டொபி தாறதெல்லாம் இந்தக் கடையில இல்ல எண்டு முதலே சொல்லிருங்க, என்ட மகள் 3 ரூபாய்க்கு ஒரு டொபி தந்து கணக்க முடிக்கப் பாத்தா.