பிஸ்கட் டின் யாரிடம் இருக்கும்? விக்கா வட்டத்தில் சேரவும் நடத்தவும் ஒரு வழிகாட்டி

வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது யாராவது என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார்கள். கடைசியாகக் கேட்டது லெஸ்டரில் படிக்கும் ஒரு பிள்ளை. "அக்கா, நீங்க விக்கா ஆக்களோட இருக்கிறீங்களாமே. அதில சேர்றது எப்படி? எங்க பதியணும்?"

எங்கேயும் பதிய முடியாது. முதலில் அது மனதில் பதியட்டும். விக்கா என்பது இங்கிலாந்தில் தோன்றிய, இயற்கையை வழிபட்டு மாந்திரீகச் சடங்குகள் செய்யும் ஒரு புது மதம். அதற்குத் தலைமைப்பீடம் கிடையாது, ஆதீனம் கிடையாது, எல்லோரும் கட்டுப்பட வேண்டிய ஒரு நூலும் கிடையாது. இருப்பதெல்லாம் சின்னச் சின்ன வட்டங்கள், அப்புறம் வீட்டில் தனியாகச் செய்துகொள்ளும் ஆட்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 குடிசன மதிப்பீட்டில் ஏறக்குறைய 13,000 பேர் தங்கள் மதம் விக்கா என்று எழுதினார்கள். பேகன், அதாவது கிறிஸ்தவத்துக்கு முந்தைய இயற்கை வழிபாட்டு வழியில் போகிறவர், என்று பொதுவாக எழுதியவர்கள் 74,000 பேர். இவர்களில் பெரும்பாலானோர் எந்த வட்டத்திலும் இல்லாதவர்கள் என்பது என் அனுபவம்.

நான் மலையகத்தில் பிறந்தவள். இங்கிலாந்தின் நடுப்பகுதியில் ஒரு நூலகத்தில் வேலை. பதினான்கு வருஷம் தனியாக இருந்தேன், பிறகு ஒன்பது வருஷம் ஒரு கவெனில் இருந்தேன், இப்போது மாதாந்தச் சந்திப்பு ஒன்றை நடத்துகிறேன். கவென் என்பது சேர்ந்து சடங்கு செய்யும் சிறு குழு. எங்கள் கவெனின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஏன் என்பது கீழே வரும்.

மலையகத்துக்கும் இதற்கும் ஒரு தொடர்பு உண்டு. விக்காவை உலகுக்குக் கொண்டுவந்த ஜெரால்ட் கார்ட்னர் 1900-ல், பதின்ம வயதில், இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர். 1910-ல் கொழும்பில் ஃபிரீமேசன் என்ற, இரகசியச் சடங்குகள் உள்ள சகோதரச் சங்கத்தில் சேர்ந்தார். பிறகு மலாயாவில் சுங்க அதிகாரியாக இருந்து 1936-ல் ஊர் திரும்பினார். ஃபிரீமேசன்களுக்கு மூன்று படி, விக்காவிலும் மூன்று படித் தீட்சை. சும்மா வந்த ஒற்றுமை இல்லை. 1951-ல் இங்கிலாந்தின் பழைய மாந்திரீகச் சட்டம் நீக்கப்பட்ட பிறகுதான் அவரால் இதை வெளிப்படையாகப் பேச முடிந்தது.

சரி, சேர்வது எப்படி என்பதற்கு வருவோம்.

முதலில் கவெனைத் தேடாதீர்கள், 'மூட்' எங்கே என்று தேடுங்கள். மூட் என்றால் மாதம் ஒருமுறை ஒரு பப்பின் மாடியறையிலோ காப்பிக் கடையிலோ பேகன் ஆட்கள் கூடிப் பேசுவது. சடங்கு ஒன்றும் நடக்காது. ஒருவர் மூலிகை பற்றிப் பேசுவார், இன்னொருவர் முழங்கால் வலி பற்றிப் பேசுவார். நான் முதன்முதல் போனபோது எல்லோரும் கறுப்பு உடுப்பில் இருப்பார்கள் என்று நானும் கறுப்புச் சேலை கட்டிப் போனேன். அங்கே இருந்தவர்கள் கம்பளிச் சட்டையோடு உருளைக்கிழங்குப் பொரியல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பேகன் ஃபெடரேஷன் என்ற அமைப்பு 1971 முதல் இருக்கிறது. உங்கள் வட்டாரத்தில் எங்கே மூட் நடக்கிறது என்று அவர்களிடம் கேட்கலாம். ஆறு மாதம் ஒழுங்காகப் போய்வாருங்கள். கவெனில் இருப்பவர்கள் அங்கேதான் உட்கார்ந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கூப்பிட வேண்டும் என்று தோன்றினால் அவர்களே கூப்பிடுவார்கள்.

கார்ட்னர் வழி, அவருக்குப் பின் தனி வழி தொடங்கிய அலெக்ஸ் சாண்டர்ஸ் வழி என்று குருபரம்பரை பார்க்கும் கவென்களில் தீட்சை வாங்காமல் உள்ளே போக முடியாது. தீட்சை கொடுப்பவருக்கு யார் கொடுத்தார், அவருக்கு யார் கொடுத்தார் என்று கேட்டால் சங்கிலி மாதிரிச் சொல்லுவார்கள். ஆகவே புத்தகம் வாசித்துவிட்டு நான்கு பேர் சேர்ந்து, "நாங்கள் கார்ட்னர் கவென்" என்று பலகை மாட்ட முடியாது. நான்கு பேர் சேர்ந்து வேறு பெயரில் ஒரு வட்டம் தொடங்கலாம், அதை யாரும் தடுக்கப்போவதில்லை. பரம்பரை உள்ள கவெனில் கேட்பவரை ஒரு வருஷமும் ஒரு நாளும் காக்கவைப்பது வழக்கம். அந்தக் காலத்தில் வெளிவட்டம் என்று ஒரு வகுப்பு நடத்துவார்கள். அவர்கள் உங்களைப் பார்க்கிறார்கள் என்று மட்டும் நினைக்காதீர்கள், நீங்களும் அவர்களைப் பார்க்கவேண்டிய காலம் அது.

என்ன பார்ப்பது? தீட்சைக்குக் காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். மெழுகுதிரிக்கும் மண்டப வாடகைக்கும் பங்கு கேட்பது வேறு, அதைக் கொடுங்கள். உடுப்பில்லாமல் சடங்கு செய்யும் கவென்கள் உண்டு, கார்ட்னரே அப்படித்தான் செய்தார். அதை முதல் சந்திப்பிலேயே மறைக்காமல் சொல்ல வேண்டும். தீட்சைக்கு யாரோடாவது படுக்க வேண்டும் என்று யார் எந்தப் பெயரில் சொன்னாலும் அது மதம் இல்லை. பதினெட்டு வயது ஆகாதவரைச் சேர்ப்பவர்களிடமும் போகாதீர்கள். கடைசியாக ஒன்று கேளுங்கள்: "இங்கிருந்து விலகிப் போனவங்க யார்? அவங்களோட பேசலாமா?" இந்தக் கேள்விக்கு முகம் மாறாமல் பதில் சொல்லும் கவெனில் நான் சேர்ந்தேன்.

இனி, நீங்களே வட்டம் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம்.

மூன்று பேர் போதும், ஐந்து பேர் சுகம். பழைய கணக்கில் ஒரு கவெனுக்கு 13 பேர் வரை. கார்ட்னர் சடங்குக்குப் போட்ட வட்டத்துக்குக் குறுக்களவு 9 அடி. அதற்குள் 13 பேர் நிற்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், தோட்டத்து லொறியில் ஆள் ஏற்றினது மாதிரி இருக்கும். எங்கள் வீட்டு முன்னறையில் சோபாவைச் சுவரோடு தள்ளினால் ஏழு பேர் நிற்கலாம். எட்டாவது ஆள் வந்தால் ஒருவருடைய உடுப்பு மெழுகுதிரியில் படும்.

நாள் குறிப்பதில்தான் முதல் சண்டை வரும். வருஷத்துக்கு எட்டுப் பெருநாள், பன்னிரண்டு பதின்மூன்று பௌர்ணமி. எல்லாவற்றையும் கொண்டாடினால் இருபது தடவைக்கு மேல் கூட வேண்டும். பிள்ளைகள் உள்ளவர்களாலும் இரவு வேலைக்காரர்களாலும் முடியாது. "பௌர்ணமி என்றால் பௌர்ணமிதான், அடுத்த சனிக்கிழமை இல்லை" என்று எங்களில் ஒருவர் பிடிவாதமாக நின்றார். கடைசியில் எட்டுப் பெருநாளுக்கு எல்லோரும் வருவது, பெருநாளை அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளுவது, பௌர்ணமிக்கு அன்றைய தினமே முடிந்தவர்கள் மட்டும் வருவது என்று முடிவானது. சில பௌர்ணமிக்கு அவரும் நானும் மட்டும்தான். அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

வேலைகளைச் சுற்றுமுறையில் கொடுங்கள். சடங்கின் தொடக்கத்தில் கிழக்குத் திசையை அழைப்பது, தெற்கை அழைப்பது, கேக்கும் ஒயினும் கொண்டுவருவது, கடைசியில் பாத்திரம் கழுவுவது. முதல் மூன்றுக்கும் ஆள் கிடைக்கும். நான்காவதைப் பெரும்பாலும் ஒரே பெண் செய்வாள். அவள் மூன்றாவது வருஷம் சத்தம் போடாமல் விலகிவிடுவாள். ஏன் போனாள் என்று மற்றவர்கள் ஆச்சரியப்படுவார்கள்.

வாடகை மண்டபம் என்றால் புகை அலாரம் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். நான் ஊர் ஞாபகத்தில் கரித்துண்டைப் பற்றவைத்து அதன்மேல் சாம்பிராணியைத் தாராளமாக அள்ளிப் போட்டேன். அக்டோபர் 31 இரவு அது. இறந்தவர்களை நினைத்து எல்லோரும் கண்ணை மூடி நிற்கிறோம். அலாரம் கட்டடம் முழுக்க அலறியது. பக்கத்து அறையில் யோகாசன வகுப்பில் இருந்தவர்கள் பாயோடு வெளியே ஓடிவந்தார்கள். மழையில் இருபது பேர், அதில் ஆறு பேர் நீள அங்கி. அதன்பிறகு அந்த மண்டபம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. குச்சி ஊதுபத்தி போதும், சன்னலையும் கொஞ்சம் திறந்துவையுங்கள். சடங்குக் கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகாதீர்கள். தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் அப்படிப்பட்ட கத்தி வைத்திருப்பது இங்கே குற்றம். மதக் காரணத்தைச் சட்டம் ஏற்கும் என்றாலும், அதை இரவு பத்து மணிக்குப் பஸ் நிறுத்தத்தில் பொலிஸ்காரருக்கு விளக்குவது யார்? மரக்கோல் இருக்கிறது, சுட்டுவிரல் இருக்கிறது.

பணத்துக்கு எங்களிடம் ஒரு நீல நிறப் பிஸ்கட் டின். ஒவ்வொரு முறையும் தலைக்கு இரண்டு பவுண்ட். உள்ளே ஒரு சின்னக் கொப்பி, வரவும் செலவும் எழுத. டின் ஒருவரிடம், கொப்பியின் நகல் இன்னொருவரிடம். இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது, கணவன் மனைவி வீட்டில் கூடவே கூடாது.

விதிகளை ஒரே பக்கத்தில் எழுதுங்கள், எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே எழுதுங்கள். இதற்கு ஒரு பழைய கதை உண்டு. ஹார்ட்ஃபோர்ட்ஷியரில் பிரிக்கெட் வுட் என்ற இடத்தில் கார்ட்னரின் கவென் இருந்தது. அதன் தலைமைப் பெண் குருவாக இருந்தவர் டோரீன் வேலியன்டே. சடங்குப் பாடல்களில் அழகானவை பல அவர் எழுதியவை. கார்ட்னர் பத்திரிகைகாரர்களுக்கு அடிக்கடிப் பேட்டி கொடுப்பது வேலியன்டேக்குப் பிடிக்கவில்லை. இரகசியம் பற்றி விதி வேண்டும் என்று கேட்டார். உடனே கார்ட்னர், "ஏற்கனவே இருக்கிறதே" என்று பழங்கால விதிகள் என்ற ஒரு பட்டியலை எடுத்து நீட்டினார். அதில், வயதான பெண் குரு இளையவளுக்கு இடம்விட்டு ஒதுங்க வேண்டும் என்றும் ஒரு விதி. வேலியன்டே அதை நம்பவில்லை. 1957-ல் தன் பக்கத்து ஆட்களோடு வெளியேறினார். சண்டைக்கு நடுவில் எழுதும் விதி எப்போதும் யாரோ ஒருத்தியைப் பார்த்து எழுதியதாகத்தான் இருக்கும்.

எங்கள் பக்கத்தில் இருந்தது இவ்வளவுதான்: மற்றவருடைய உண்மைப் பெயரை வெளியே சொல்லக் கூடாது, ஏனென்றால் ஒருவர் ஆசிரியை, இன்னொருவருக்குப் பிள்ளை யாரிடம் இருப்பது என்று வழக்கு நடந்தது. வட்டத்துக்குள் படம் எடுக்கக் கூடாது. புதியவரைச் சேர்க்க எல்லோரும் சம்மதிக்க வேண்டும், விலக யாருடைய சம்மதமும் வேண்டாம். விலகுபவர் தன் கையால் பிரதி எடுத்த சடங்குக் கொப்பியை வைத்துக்கொள்ளலாம். பொதுச் சாமான், அதாவது கிண்ணம், மேசைத்துணி, டின், யாருக்குச் சொந்தம் என்றும் ஒரு வரி. கார்ட்னர் 1964-ல் இறந்தபின் அவருடைய அருங்காட்சியகப் பொருள்கள் வாரிசு வழியில் போய், 1973-ல் ஒரு வேடிக்கைக் காட்சி நிறுவனத்துக்கு விற்கப்பட்டுவிட்டன. எங்களுடையது நாற்பது பவுண்ட் பெறுமதியான சாமான், இருந்தாலும் எழுதினோம்.

வட்டம் பெருத்தால் பிரியத்தான் வேண்டும். தேன்கூடு பிரிவது என்று சொல்வார்கள். மூன்றாம் படி பெற்றவர் இரண்டு மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய்த் தன் கவெனைத் தொடங்குவார். அது தனி வீடு, பழைய வீட்டு அம்மா அங்கே போய் அடுப்பைத் திறந்து பார்க்கக் கூடாது.

தனியாக இருப்பவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது வேறு. சடங்கைத் தனியாகச் செய்வதில் ஒரு குறையும் இல்லை. பதினான்கு வருஷமும் சமையலறை மேசையில் ஒரு மெழுகுதிரியும் ஒரு கிண்ணம் தண்ணீரும் எனக்குப் போதுமாக இருந்தன. ஆனால் எங்கள் மூட்டுக்கு ஒரு வயதான மனிதர் வருவார். ஓரத்தில் உட்கார்ந்து ஒரு பியர் குடிப்பார், எட்டு மணிக்குப் போய்விடுவார். தனி ஆள், முப்பது வருஷமாக. இரண்டு மாதம் வரவில்லை. காய்ச்சலாக்கும் என்று இருந்துவிட்டோம். அவர் இறந்து, தூரத்து உறவினர் ஒருவர் தேவாலயத்தில் அடக்க ஆராதனை நடத்தி முடித்து, அந்த வீட்டுப் பொருள்களும் போன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த உறவினரைக் குற்றம் சொல்ல முடியாது. அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரியப்படுத்த எங்களுக்கும் அவர் முகவரி தெரியாது.

ஆகவே தனியாக இருந்தாலும் இதைச் செய்துவையுங்கள். ஆஸ்பத்திரிப் படிவத்தில் மதம் என்ற கட்டத்தைக் காலியாக விடாதீர்கள். பேகன் குருமார் வந்து பார்க்கும் ஏற்பாடு பல ஆஸ்பத்திரிகளில் உண்டு, கேட்டால்தான் வருவார்கள். ஈமச்சடங்கு எப்படி இருக்க வேண்டும் என்று உயிலில் எழுதினால் மட்டும் போதாது. இங்கிலாந்துச் சட்டப்படி அந்த வரி யாரையும் கட்டுப்படுத்தாது, உயிலை நிறைவேற்றுபவர்தான் முடிவெடுப்பார். அவரிடம் உயிரோடு இருக்கும்போதே பேசுங்கள். மத குரு ஒருவர்தான் நடத்த வேண்டும் என்று சட்டம் இல்லை, மூட்டில் உங்களோடு பியர் குடித்தவரே நடத்தலாம்.

எங்கள் மூட்டில் இப்போது ஒரு அட்டை வைத்திருக்கிறோம், பணப்பைக்குள் வைக்கும் அளவு. ஒரு பக்கம் உங்கள் பெயர். மறுபக்கம் மூட்டில் உள்ள இரண்டு பேருடைய தொலைபேசி எண், "எனக்கு ஏதாவது ஆனால் இவர்களுக்கும் சொல்லுங்கள்" என்ற வரி. லெஸ்டர்ப் பிள்ளைக்கும் ஒன்று கொடுத்தேன். "அக்கா, எனக்கு இருபத்திரண்டு வயசுதானே" என்று சிரித்தாள். இரண்டாவது எண் யாருடையதைப் போடுவது என்று யோசித்துவிட்டு, தன் அறைத்தோழியிடம் இதுவரை சொல்லவில்லை என்றாள். இப்போதைக்கு அந்த இடம் காலியாக இருக்கட்டும் என்றேன்.