பாப்பா தூக்கத்தில் கையை உதறுகிறதா? தெறிவினைகளை வீட்டிலேயே பார்க்கும் விதம்

ஹட்டன் மலைக் குளிருக்குப் பயந்து மகளை முதல் மாதம் முழுக்கத் துணியில் இறுக்கிச் சுற்றியே வைத்திருந்தோம். கை கால் என்ன செய்கிறது என்று நான் பார்த்ததே இல்லை. மிட்வைஃப் மிஸ் வீட்டுக்கு வந்து பிரித்துக் காட்டிய பிறகுதான் விஷயம் புரிந்தது. தெறிவினை என்றால் பிள்ளை நினைக்காமலே உடம்பு தானாகச் செய்யும் அசைவு. சரி, நீங்களும் துணியைப் பிரித்துப் பாருங்கள்.

முதலில் கன்னம். வாயோரம் விரலால் தடவினால் தலை அந்தப் பக்கம் திரும்பி வாய் திறக்கும். பசி நேரத்தில் பாருங்கள், வயிறு நிறைந்திருந்தால் கண்டுகொள்ளாது.

அடுத்தது உள்ளங்கை. விரலை வைத்தால் பிடித்துக்கொள்ளும், இழுத்தால் இன்னும் இறுகும். புறங்கையைத் தடவுங்கள், தானாக விரியும் (நகம் வெட்ட இதைவிட நல்ல வழி கிடையாது). 5, 6 மாதத்தில் இந்தப் பிடி போய், வேண்டியதை எட்டி எடுக்கும் பிடி அந்த இடத்துக்கு வந்திருக்கும்.

நான் மாட்டியது மோரோ தெறிவினையில். தோளில் தூங்கியவளைக் கிடத்தப் போனால், தலை படுக்கையைத் தொடும் முன்பே இரண்டு கையும் விரல்களோடு விரிந்து, அப்புறம் கட்டிப்பிடிப்பதுபோல் உள்ளே வந்து, ஒரு வீறல். பிள்ளை பயந்துவிட்டது என்று மாமியார் திருநீறு போட்டார். அடுத்த இரவும் அதே வீறல். அது பயமில்லை, தலை சட்டென்று பின்னால் சரிந்தால் உடம்பு தானாகச் செய்வது. ஹைடல்பேர்க்கில் இருந்த பிள்ளை மருத்துவர் ஏர்ன்ஸ்ட் மோரோ 1918இல் எழுதியதால் அந்தப் பெயர்.

கிடத்தும்போது பிட்டம் முதலில், பிறகு முதுகு, கடைசியில் தலை. தலைக்கடியில் இருக்கும் கையை உடனே உருவாதீர்கள், மற்றக் கை பத்து மூச்சு நேரம் அவள் நெஞ்சின் மேல் இருக்கட்டும். எனக்கு அன்றிரவே பலித்தது.

சோதிக்கிறேன் என்று தலையைத் தொங்கவிட வேண்டாம், உடுப்பு மாற்றும்போது தானாக நடக்கும். இரண்டு கையும் ஒரேபோல் விரிகிறதா என்று மட்டும் பாருங்கள். ஒன்றுதான் விரிகிறது என்றால் பிரசவத்தில் காரை எலும்போ தோள் நரம்போ அடிபட்டிருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். இறுக்கிச் சுற்றிய பிள்ளையில் இது தெரியாது.

அக்குளில் பிடித்துப் பாதத்தைத் தரையில் பட வைத்தால் எட்டு வைக்கும், 2 மாதம் போல் நின்றுவிடும். கால் பாரமாவதும் ஒரு காரணம்: எஸ்தர் தீலன் என்ற உளவியலாளர் 1984இல் வெளியிட்ட ஆய்வில் சின்னப் பிள்ளைகளின் கால்களைத் தண்ணீரில் வைத்தபோது அவை கூடுதலாக எட்டு வைத்தன. நடை மறந்துவிட்டது என்று வோக்கர் வாங்கி வராதீர்கள், கனடா 2004இல் அதைத் தடையே செய்துவிட்டது. கழுத்து நின்று, புரண்டு, உட்கார்ந்து, மேலிருந்து கீழாகத்தான் பலம் வரும். அதற்கு முழித்திருக்கும்போது குப்புறப் போட்டால் போதும், தரை சில்லென்று இருந்தால் உங்கள் நெஞ்சின் மேல். தூங்க மல்லாக்க மட்டும்.

பின்சேர்க்கை: 7 மாதப் பிள்ளை தூங்கி எழும்போது வரிசையாக வெட்டி வெட்டி மடங்குகிறது என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். மோரோ 6 மாதத்துக்குள் போயிருக்க வேண்டும், இது வலிப்பாக இருக்கலாம். போனில் வீடியோ எடுத்துக்கொண்டு அன்றே டாக்டரிடம் போங்கள், கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்காதீர்கள்.

குளிருக்குச் சுற்றவே கூடாதா என்று கேட்டவர்களுக்கு: சுற்றலாம், இடுப்புக்குக் கீழே கால் மடக்கி நீட்ட இடம் விட்டு. புரளப் பார்க்கிறாள் என்றால் அன்றோடு நிறுத்திவிடுங்கள்.