கேட்டரிங் ஃபீஸ் கட்டும் முன்

செஃப் ஆக ஆசையா? கேட்டரிங் கல்லூரிக்குப் பணம் கட்டும் முன், ஒரு முகூர்த்த சீசன் முழுக்கக் கல்யாண சமையல் மாஸ்டரிடம் எடுபிடியாகச் சேர்ந்துவிடுங்கள். ஈரோடு, கோபி, பொள்ளாச்சி மண்டபங்களில் வைகாசி, ஆவணியில் ஆள் தேடிக்கொண்டே இருப்பார்கள். (ஆடி, மார்கழியில் போய்க் கேட்காதீர்கள்.)

கூலியும் கிடைக்கும், தொழிலும் பிடிபடும்: மூட்டைக் கணக்கில் சின்ன வெங்காயம் உரிப்பது, 500 இலைக்கு உப்பு நிதானம், கடைசிப் பந்திவரை ரசம் தீராமல் பார்ப்பது. அதைவிட, விடிகாலை 3 மணிக்கு அடுப்புச் சூட்டில் நிற்க உடம்பு ஒத்துழைக்குமா என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துவிடும்.

கேக், பேக்கரி பக்கம் போகிறவர்களுக்கு இது அவ்வளவாக உதவாது. கப்பல் வேலை, நட்சத்திர ஹோட்டல் என்றால் பெரும்பாலும் சான்றிதழ் கேட்பார்கள். அப்போது படித்துத்தான் ஆகவேண்டும்.