பலகாரம் சுடுகிற வீட்டில் பிராடர்-வில்லி பிள்ளையை வளர்ப்பது எப்படி

மருத்துவர் உங்கள் பிள்ளைக்கு 'பிராடர்-வில்லி', அதாவது எவ்வளவு தின்றாலும் பசி அடங்காத பிறவி நோய், என்று எழுதிக் கொடுத்துவிட்டாரா? முதலில் நல்ல பூட்டாக நாலைந்து வாங்குங்கள். ஊசி, சான்றிதழ், அட்டை எல்லாம் அப்புறம்.

நான் கோட்டையூரில் கல்யாண வீடுகளுக்குப் பலகாரம் சுட்டுக் கொடுக்கிறவள். மனகோலம், தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம் என்று வீடு முழுக்க எண்ணெய் வாசம். இதே வீட்டில்தான் என் மகனும் வளர்கிறான். வயது ஒன்பது. எவ்வளவு சாப்பிட்டாலும் வயிறு நிறைந்தது அவனுக்குத் தெரியாது. அது பேராசையும் இல்லை, வளர்ப்புக் குறையும் இல்லை. 15ஆவது குரோமோசோமில் அப்பாவிடமிருந்து வந்து வேலை செய்ய வேண்டிய ஒரு பகுதி வேலை செய்யவில்லை. அதனால் பசியைக் கவனிக்கிற மூளைப் பகுதி சரியாக இயங்குவதில்லை. 'அப்பா பக்கம்' என்றதும் சம்பந்தி வீட்டோடு சண்டைக்குக் கிளம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் இது தற்செயலாக நேர்வது, பரம்பரையாக வருவதில்லை. அபூர்வமான ஒரு வகையில் மட்டும் அடுத்த பிள்ளைக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. 'மெத்திலேஷன்' என்கிற மரபணுப் பரிசோதனையில் நோய் உறுதியானதோடு நிற்காமல், எந்த வகை என்பதையும் மரபியல் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது பூட்டுக்கு வருவோம். நம் பழைய வீடுகளில் உக்கிராண அறை இருப்பது பெரிய வசதி. அரிசி, வெல்லம், எண்ணெய், சுட்ட பலகாரம் எல்லாம் அதற்குள் போகட்டும். ஃபிரிட்ஜுக்குத் தனிப் பூட்டு. சாவி ஆணியில் தொங்கக் கூடாது, இடுப்பில் இருக்க வேண்டும். குப்பைக் கூடை, மாட்டுக்கு வைத்த பிண்ணாக்கு, சாமி அறையில் வைத்த வெல்லம், சட்டைப் பையில் கிடக்கும் சில்லறை, இவையும் கணக்கில் சேரும். இந்தப் பிள்ளைகள் உறைந்ததை, கெட்டுப்போனதைக்கூட எடுத்துச் சாப்பிடுவார்கள். நான் அடுப்பைப் பின்கட்டுக்கு மாற்றி, அவன் பள்ளிக்கூடம் போன பிறகுதான் எண்ணெய்ச் சட்டி வைக்கிறேன். வாசத்தைப் பூட்ட வழியில்லை.

பூட்டுவது பிள்ளைக்குக் கொடுமை இல்லையா என்று என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. பூட்டாத வீட்டில்தான் அவனுக்குக் கொடுமை. நாள் முழுக்கத் தன்னோடு தானே சண்டை போட வேண்டும். கதவு பூட்டியிருக்கிறது என்று தெரிந்தால் மனசு வேறு வேலைக்குப் போகும். இந்த நோயைப் பார்க்கிறவர்கள் இதை மூன்றாகச் சொல்வார்கள்: அடுத்த சாப்பாடு வருமா என்ற சந்தேகம் இருக்கக் கூடாது, நடுவில் ஏதாவது கிடைக்கும் என்ற நப்பாசை இருக்கக் கூடாது, சொன்னது வராமல் ஏமாற்றமும் இருக்கக் கூடாது.

அதனால் சாப்பாட்டு நேரத்தையும், என்ன சாப்பாடு என்பதையும் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். 'பார்க்கலாம்', 'அப்புறம் தர்றேன்' என்ற பேச்சே வீட்டில் கூடாது. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பான். ஒரு தடவை பதில் சொல்லுங்கள், அடுத்த தடவை சுவரைக் காட்டுங்கள். பேரம் பேச ஆரம்பித்தால் தொலைந்தோம். ஒரு நாள் இளகினால், அந்த ஒரு நாளை வருஷக் கணக்கில் நினைவு வைத்திருப்பான்.

அதே வயதுப் பிள்ளைகளைவிட இவர்களுக்குக் கலோரி குறைவாகத்தான் வேண்டும். அளவை உணவியல் நிபுணர் போட்டுத் தரட்டும், நாமே பட்டினி போடக் கூடாது. தட்டு சின்னதாக இருக்கட்டும், அதில் பாதி காய். எண்ணெய் குறைத்து வைத்த வெண்டைக்காய் மண்டி எங்கள் வீட்டில் கைகொடுக்கிறது. கவுனி அரிசி உடம்புக்கு நல்லது என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். சர்க்கரையும் தேங்காயும் நெய்யும் சேர்ந்த பிறகு அதில் என்ன நல்லது என்று எனக்கு விளங்கவில்லை.

வீட்டைவிட உறவுதான் கஷ்டம். பிறந்தபோது உறிஞ்சத் தெம்பில்லாமல் துவண்டு கிடந்தவனுக்குப் பாலாடையில் சொட்டுச் சொட்டாக ஊட்டியவர் என் மாமியார். அவரிடம் போய் இப்போது 'கொடுக்காதீங்க' என்றால் எப்படி மனசு ஒப்பும்? அதனால் 'கொடுக்காதீங்க' என்று நிறுத்தாமல், கொடுக்க ஒரு வழியும் சொல்லுங்கள். "ஆச்சி, அவன் கையில கொடுக்காதீங்க, என்கிட்ட கொடுங்க, சாயங்காலச் சிற்றுண்டியில சேர்த்துடறேன்." இதைச் சிரித்துக்கொண்டே, எல்லோரிடமும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். பிள்ளையார் நோன்பு அன்றைக்குத் திரி ஏற்றிச் சாப்பிடுகிற இனிப்பு மாவான இழை மாவும் அப்படித்தான். அன்றைய அட்டவணையில் முன்கூட்டியே எழுதிவிடுவேன். வருகிறவர்களிடம் பிஸ்கட்டுக்குப் பதில் துண்டுப்படப் புதிர் வாங்கி வரச் சொல்லுங்கள். இந்தப் பிள்ளைகளில் பலர் அதில் கெட்டிக்காரர்கள். கை வேலையாக இருந்தால் தோலைக் கிள்ளிப் புண்ணாக்குவதும் குறையும்.

கல்யாணத்துக்குப் போனால் என்ன பந்தி என்று முந்தின நாளே கேட்டு, எது எவ்வளவு என்று பிள்ளையோடு பேசி முடிவு செய்து, முதல் பந்தியில் உட்கார்ந்து, சாப்பிட்டதும் கிளம்புங்கள். வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், தட்டுத் தட்டாகப் பலகாரம் பரப்பியிருக்கும் இடத்தில் கண் பிசகக் கூடாது. இதை மட்டும் மனப்பாடம் செய்யுங்கள்: இவர்களுக்கு வாந்தி எளிதில் வராது, வலியும் அவ்வளவாகத் தெரியாது. கண்டபடி சாப்பிட்டு வயிறு உப்பினாலோ, வயிறு வலிக்கிறது என்றாலோ, வாந்தி எடுத்தாலோ கஷாயம் கொடுத்துக் காத்திருக்காதீர்கள். இரைப்பை கிழிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். உடனே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். இதை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்திருங்கள், பணி மருத்துவருக்கு இந்த நோய் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

அரசுத் தொடக்கப் பள்ளி என்றால் காலை உணவுத் திட்டம், சத்துணவு இரண்டும் உண்டு. வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போய், 'எங்க ஆத்தா ஒண்ணும் தரல' என்று முகத்தைத் தொங்கப் போட்டால் எந்த டீச்சருக்கும் மனசு இளகும். எங்கே சாப்பிட வேண்டும் என்று ஒரே முடிவாக எடுத்து, டீச்சர், சத்துணவு அமைப்பாளர் இருவரிடமும் நேரில் சொல்லுங்கள். பிறந்தநாள் மிட்டாய் ஒரு டப்பாவில் சேர்ந்து உங்கள் கைக்கு வரட்டும்.

சிகிச்சை என்று இங்கே வழக்கமாகக் கொடுப்பது வளர்ச்சி ஹார்மோன் ஊசி, இரவில் தோலுக்கடியில் போடுவது. உயரத்தோடு தசையையும் கூட்டும், பசியைக் குறைக்காது. தொடங்குவதற்கு முன் தூக்கப் பரிசோதனை செய்ய வேண்டும். குறட்டையையும் முதுகெலும்பு வளைவையும் தொடர்ந்து பார்க்க வேண்டும். மருந்தை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும், மின்தடைக்கு ஐஸ் பெட்டி தயாராக இருக்கட்டும். விலை அதிகம். மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையில் இரண்டாம் பிரிவில் இந்தச் சிகிச்சை வருகிறது, உதவி 50 லட்சம் ரூபாய் வரை. அதற்குச் சென்னை எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையில் பதிய வேண்டும். காரைக்குடியிலிருந்து பல்லவன் ரயிலில் போகலாம். வழியெல்லாம் 'வடை, வடை' என்று கூவிக்கொண்டே வருவார்கள், சாப்பாட்டு டப்பாவின் மேல் நேரத்தை எழுதி ஒட்டிக்கொண்டு ஏறுங்கள். மாற்றுத்திறனாளி அட்டைக்குச் சிவகங்கை மாவட்ட அலுவலகம்.

வீட்டில் இன்னொரு பிள்ளை இருந்தால், அதன் தின்பண்டத்தையும் சேர்த்துப் பறித்துவிடாதீர்கள். என் பெரிய மகளை டியூஷன் முடிந்ததும் அவள் அப்பச்சி காரைக்குடியில் கடைக்குக் கூட்டிப் போய் வாங்கிக் கொடுத்து, வாயைக் கொப்பளிக்க வைத்துத்தான் கூட்டி வருவார். தம்பி வாசலிலேயே முகர்ந்து பார்ப்பான், அதனால் கையையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.