சர்க்கரை சேர்க்காத தக்காளி சாஸ்

கடையில் சாஸ் பாட்டிலை எடுத்தால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு மேஜைக்கரண்டியில் சுமார் 4 கிராம் சர்க்கரை இருக்கும். 100 கிராம் தக்காளிப் பழத்திலேயே மொத்த மாவுச்சத்து அவ்வளவுதான்!

வீட்டிலேயே செய்துவிடலாம். அரை கிலோ பெங்களூர் தக்காளி வாங்குங்கள். நாட்டுத் தக்காளி என்றால் புளிப்பு தூக்கலாகி, சர்க்கரை போடக் கை நீளும். நாலு பல் பூண்டுடன் வேகவைத்து, அரைத்து வடிகட்டி, உப்பு, மிளகாய்த்தூள் சேர்த்து அகலமான வாணலியில் சிறு தீயில் சுண்டவிடுங்கள். சோளமாவு வேண்டவே வேண்டாம். கரண்டியால் நடுவில் இழுத்த கோடு மூடாமல் நின்றால் அதுதான் பதம். அப்புறம் ஒரு ஸ்பூன் வினிகர்.

ஆறியதும் ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். சுண்டச்சுண்ட தக்காளியின் சொந்த இனிப்பும் அடர்த்தியாகும், அதனால் ஒரு வேளைக்கு இரண்டு ஸ்பூன் போதும்.